யாருடைய மான்

ரெய்னோ லம்பினென் வீட்டு முற்றத்தில் மான் தொங்காத நவம்பரை அந்தச் சாலையில் யாரும் பார்த்ததில்லை. இரண்டு மேப்பிள் மரங்களுக்குக் குறுக்கே ஒரு கம்பம் கட்டியிருக்கும். வேட்டைப் பருவம் திறக்கிற பதினைந்தாம் தேதி, மதியச் சாப்பாட்டுக்குள் அதில் ஒன்று தொங்கிவிடும். சாலையில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கிக் கொம்பில் எத்தனை கிளை என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இந்த வருஷம் கம்பம் வெறுமையாக இருந்தது. ரெய்னோ முன்னறையில் ஜன்னலோரம் கட்டிலில் கிடந்தான். வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரிக்காரர்கள் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் நர்ஸ், சமையலறையில் அவன் மனைவி எல்னாவைத் தனியாக நிறுத்தி, "ஏரி உறையற வரைக்கும் இருந்தாப் பெரிசு," என்றாள். அன்று காலையிலேயே ஏரியின் ஓரத்தில் பால் ஆடை மாதிரி தண்ணீர் உறைந்திருந்ததை எல்னா பார்த்திருந்தாள். நர்ஸிடம் சொல்லவில்லை.

அக்கம்பக்கத்தார் நல்லவர்கள். மான்கறியைப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ரெய்னோ எல்லாருக்கும் நன்றி சொன்னான். ஒரு வாய்கூடத் தின்னவில்லை. திரும்பித் திரும்பி அந்தக் கம்பத்தையே பார்த்தான். வாய் திறந்து கேட்கவும் மாட்டான். கேட்டால்தான் என்ன, முத்து உதிர்ந்துவிடுமா என்று எல்னாவுக்கு எரிச்சலாக வரும். அந்தக் குடும்பத்து ஆண்களுக்குக் கேட்கத் தெரியாது. கேட்காமலே செத்துப் போவார்கள்.

ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள், "இந்த வருஷம் நான் போறேன்."

"எங்க?"

"மானுக்கு."

ரெய்னோ சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. "எலிப்பொறி வைக்கவே உனக்குக் கை நடுங்கும்."

"எலிய யாரு திங்கறா? இது நாலு மாசத்துச் சாப்பாடு."

"கொழுப்பப் பாரு," என்றான். ஆனால் அதற்குப் பிறகு கம்பத்தைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மான் வீட்டுக்கு வந்த பிறகு நடக்கிறதெல்லாம் எல்னாவின் கைவேலைதான். கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து தோலுரித்து, எலும்பு நீக்கி, கறியை வகைவாரியாகக் காகிதத்தில் சுற்றித் தேதி எழுதிக் குளிர்ப்பெட்டியில் உறைய வைப்பவள் அவள். ஒரு மானின் உடம்பில் அவளுக்குத் தெரியாத நரம்பு கிடையாது. ஆனால் உயிரோடு இருக்கிற மானை அவள் துப்பாக்கியின் இந்த முனையிலிருந்து பார்த்ததே இல்லை. கடையில் வேட்டைச் சீட்டு வாங்கப் போனபோது, "ரெய்னோ பேர்லயா?" என்று கேட்டார்கள். "என் பேர்ல," என்றாள். கல்லாவைச் சுற்றி நின்ற ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் பூட்ஸைக் குனிந்து பார்த்தார்கள்.

பயிற்சி வீட்டுப் பின்னால், மணல்மேட்டில். பழைய கேக் தட்டு ஒன்றைப் பலகையில் ஆணியடித்து நிறுத்திச் சுட்டாள். ரெய்னோ கட்டிலில் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். அவள் உள்ளே வந்ததும் விசாரணை தொடங்கும்.

"தட்டுல பட்டா டங்குன்னு கேக்கணும். எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"காத்து அந்தப் பக்கம் அடிக்குது."

"காத்து மேல பழி போடாத. விசையப் பிடிச்சு இழுக்கற நீ. இழுக்கக் கூடாது. பிழியணும். துணி பிழியற மாதிரி இல்ல. மெதுவா, உனக்கே தெரியாம."

"எனக்கே தெரியாம எப்படிய்யா நான் பண்றது?"

"அதான் வித்தை."

துப்பாக்கி உதைத்து உதைத்து அவள் தோள் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. சட்டையை இறக்கச் சொல்லி அவனே களிம்பு தடவினான். விரல்களில் சதையே இல்லை. பல மாதமாக மற்றவர்கள்தான் அவனைத் துடைத்து, திருப்பி, புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொருவருக்கு அவன் கையால் ஒரு காரியம் செய்தது அன்றுதான். எல்னா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சுட்டதும் எழுந்து ஓடாத," என்றான் களிம்பு தடவிக்கொண்டே. "எல்லாப் புதுசுங்களும் பண்ற தப்பு அதான். அடிபட்ட மான் கொஞ்ச தூரம் ஓடிப் படுத்துக்கும். யாரும் துரத்தலைன்னா படுத்த இடத்துலயே அடங்கிரும். துரத்தினியோ, இருக்கிற உசுரையெல்லாம் கால்ல வச்சு ஓடும். நீ பிளாஸ்க்கத் திற. ஒரு கப் காப்பி ஊத்து. முழுசாக் குடி. அப்புறம் எழுந்திரு. என்ன சொன்னேன்?"

"காப்பி குடிக்கணும்."

"வேட்டையில பாதி அதுதான்." கையைத் துடைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி, "ஓடையத் தாண்டிருச்சுன்னா விட்ரு," என்றான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஓன்னியின் நிலம். ஓன்னி ரெய்னோவின் அண்ணன், இரண்டு வயது மூத்தவன். இரண்டு பேரும் பேசிப் பதினாலு வருஷம் ஆகிறது. அதுவும் ஒரு மானால்தான். ரெய்னோ சுட்ட பெரிய கொம்பன் மான் ஒன்று ஓடையைத் தாண்டி ஓடியது, அங்கே இருந்த ஓன்னியும் சுட்டான், விழுந்தது, ஓன்னி தன் கம்பத்தில் தொங்கவிட்டுக்கொண்டான். முதல் குண்டு யாருடையதோ அவன் மான் என்றான் ரெய்னோ. விழ வைத்தது யாரோ அவன் மான் என்றான் ஓன்னி. அந்த வட்டாரத்தில் இரண்டு சட்டமும் உண்டு. அவர்கள் அப்பாவே அந்தந்த நாளில் தான் எங்கே நின்றார் என்பதைப் பொறுத்துச் சட்டம் பேசியவர்தான். வேறு குடும்பமாக இருந்தால் இரண்டு பாட்டில் பியரில் முடிந்திருக்கும். இவர்கள் தாயார் சாவுக்குக்கூடக் குழியின் இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் என்று நின்றார்கள். தம்பி படுத்துவிட்டான் என்று ஊரெல்லாம் தெரிந்தும் ஓன்னி எட்டிப் பார்க்கவில்லை. எல்னாவுக்கு அதில் ஆறாத கோபம்.

முதல் சில நாள் எல்னாவுக்கு ஒன்றும் தென்படவில்லை. காட்டில் வேட்டைக்கென்று ரெய்னோ அடித்துவைத்த பலகைக் கூண்டுக்குள் கால் விறைக்க உட்கார்ந்திருந்தாள். அணில் வந்தது, குருவி வந்தது. அணில் இலையில் ஓடுகிற சத்தம் யானை நடக்கிற மாதிரி கேட்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியைத் தூக்கி இறக்கினாள். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் ரெய்னோ தலையைத் திருப்பிப் பார்ப்பான். அவள் உதட்டைப் பிதுக்குவாள். "நாளைக்கு," என்பான். நாளைக்கு என்று சொல்கிற குரல் தினமும் கொஞ்சம் தேய்ந்துகொண்டே வந்தது.

அன்று காலை அவன் கஞ்சித் தண்ணீர்கூட வேண்டாமென்றான். கண்வெள்ளை மஞ்சளாக இருந்தது. துணைக்கு உட்கார வந்த பக்கத்து வீட்டு வெர்னா, பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எல்னாவைப் பார்த்தாள். எல்னா மாட்டின கோட்டைக் கழற்றப் போனாள்.

"போ," என்றான் ரெய்னோ. "இங்க உக்காந்து என் மூச்ச எண்ணப் போறியா? காத்து வடக்க இருந்து வருது. இன்னிக்கு மான் நடமாடும்."

போனாள். அவன் சொன்னது சரியாகவே இருந்தது. வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, தேவதாரு மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு கொம்பன் வெளியே வந்து நின்றது. கவட்டைக் கொம்பு, இளசு. மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. அதன் வயிறு மூச்சில் ஏறி இறங்குவது தெரிந்தது. எல்னா கறி வெட்டுகிறவளின் கண்ணோடுதான் பார்த்தாள்: இது தொடை, இது முதுகுக்கறி, அந்த முன்னங்காலுக்குப் பின்னால் நுரையீரல். பிழிந்தாள். அவளுக்கே தெரியாமல் வெடித்தது.

மான் முதுகைக் கூனிக்கொண்டு ஓடி மறைந்தது.

எல்னா பிளாஸ்க்கைத் திறந்தாள். காப்பியை ஊற்றினாள். பாதி கையுறையிலேயே போயிற்று. உதட்டில் வைத்தாள். இந்தக் காப்பியைக் குடித்து முடிக்கிற நேரத்துக்குள் வீட்டில் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கம்பத்தில் மானைப் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டால்? அந்த நினைப்பு வந்த பிறகு அவளால் உட்கார முடியவில்லை. கோப்பையைப் பலகையிலேயே வைத்துவிட்டு எழுந்து ஓடினாள்.

இரவு விழுந்திருந்த பனியில் ரத்தம் சொட்டுச் சொட்டாக, கறுப்பாக இருந்தது. கொஞ்ச தூரத்திலேயே ஒரு புதருக்குக் கீழே அது படுத்திருந்தது. கால்களை மடக்கி, தலையை மட்டும் தூக்கி, அவளைப் பார்த்தது. எல்னாவும் பார்த்தாள். துப்பாக்கியைத் தூக்குவதற்குள் எழுந்துவிட்டது. ஓடை வரைக்கும் மரக்கிளை முறிகிற சத்தம் கேட்டது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

"அய்யோ, பாவி," என்று எல்னா தன்னையே திட்டிக்கொண்டாள். "ஒரு கப் காப்பி. ஒரு கப் காப்பி குடிக்க முடியலையாடி உன்னால?" பனியில் மண்டியிட்டு வாய்விட்டு அழுதாள். மான் போனதற்கு மட்டுமில்லை. அத்தனை மாதத்து அழுகையும் சேர்ந்து வந்தது.

அப்போது ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது.

பூட்ஸுக்குள் தண்ணீர் புகப் புக ஓடையைத் தாண்டி மேடேறினாள். ஓன்னி மான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஆரஞ்சுத் தொப்பி, நரைத்த தாடி, தம்பியின் அதே கூன். அவளைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது.

"முப்பது-முப்பது ரைபிள் சத்தம் கேட்டுச்சு," என்றான். "ரெய்னோவோட துப்பாக்கி. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எழுந்துட்டான் போலிருக்குன்னு நெனச்சேன். வந்து பாத்தா நீ."

எல்னா அவன் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "எழுந்திருக்க மாட்டான் ஓன்னி. இனிமே எழுந்திருக்க மாட்டான்."

"தெரியும். கடையில சொன்னாங்க."

"தெரிஞ்சுமா வரல?"

"எப்படி வர்றது? அவன் கூப்பிடல."

"அவன் கூப்பிடுவான்னு நீ. நீ வருவேன்னு அவன். நல்லா இருக்குடா உங்க ரோஷம்! சாவுக்குத் தெரியுமா உங்க ரோஷம்?"

ஓன்னி மண்டியிட்டு மானின் வயிற்றைத் திறந்தான். வேலை ஓடிக்கொண்டிருந்தால் அவனுக்குப் பேச்சு வரும். குடலை வழித்து வெளியே தள்ளினான்; ஆவி பறந்தது. உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "ஈரல்ல பட்டிருக்கு உன் குண்டு," என்றான். "குடலையும் கிழிச்சிருக்கு. கொஞ்சம் பின்னால போயிருச்சு. பரவாயில்ல, முதல் தடவைக்கு. ஏன் உடனே துரத்தின? காப்பி குடிக்கச் சொல்லலையா அவன்?"

"சொன்னான். ஊத்தினேன். குடிக்கல."

ஓன்னியின் தாடி அசைந்தது. சிரிப்பா என்னவென்று தெரியவில்லை. முழங்கை வரை ரத்தமும் சாணமுமாக எழுந்து நின்றான். "இழுத்துட்டுப் போவோம், வா. வண்டி மேட்டுல நிக்குது. உன் கம்பத்துக்குக் கொண்டாந்து விடறேன்."

"சுட்டு விழ வச்சது நீயில்ல?"

"முதல் குண்டு உன்னோடது."

எல்னா மானின் கொம்பைப் பிடித்தவள் விட்டுவிட்டாள். "ஓன்னி. என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியும்."

"இதத்தானடா அவன் இத்தன வருஷமாச் சொல்றான்?"

"நான் சொன்னேன்னு சொல்லு அவன்கிட்ட," என்று ஓன்னி கயிற்றை எடுத்தான்.

வண்டி முற்றத்துக்கு வந்தபோது வெர்னா ஜன்னல் திரையை முழுக்க விலக்கி, ரெய்னோவைத் தலையணை மேல் தூக்கி உட்காரவைத்திருந்தாள். ஓன்னி கயிற்றைக் கம்பத்துக்கு மேல் வீசி இழுத்தான். மான் மேலே ஏறியது. ரெய்னோ கையைத் தூக்கினான், பாதிவரைதான் வந்தது. ஓன்னி ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபடி தொப்பியைக் கழற்றினான்.

எல்னா பூட்ஸோடு உள்ளே ஓடி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவன் வாயாலயா சொன்னான்?" என்றான் ரெய்னோ. "யாரும் கேக்காமலா?"

"ஆமா. முதல் குண்டுக்காரனுக்குத்தான் மான்னு."

ரெய்னோ கண்ணை மூடித் திறந்தான். அப்படியொரு சந்தோஷத்தை எல்னா அந்த முகத்தில் பார்த்துப் பல காலம் ஆயிற்று. "கூப்பிடு அவன. காப்பி போடு."

முற்றத்தில் ஓன்னி தன்னையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றான். "இந்தக் கோலத்துலயா? குடல் நாத்தம் குமட்டுது. இத்தன வருஷம் கழிச்சு நோயாளி வீட்டுக்குள்ள இப்படியா போய் நிக்கறது? சவுனாவச் சூடு பண்ணிக் குளிச்சிட்டு, நல்ல சட்டை போட்டுக்கிட்டு வர்றேன்."

எல்னா கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். ஆனால் அவளும் அந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். மான் அறுத்த கையோடு அங்கே யாரும் யார் வீட்டுப் படியும் ஏறுவதில்லை. முதலில் சவுனா; நீராவியில் வெந்து, தேய்த்துக் குளித்து, அப்புறம்தான் மனுஷ முகத்தில் விழிப்பது. அவன் அப்படிச் சொன்னதே தம்பிக்கு அவன் கொடுக்கிற மரியாதை என்றுதான் அவளுக்குப் பட்டது. "சரி, குளிச்சிட்டு வா," என்றாள்.

ரெய்னோவும் அதை ஒப்புக்கொண்டான். "அதான் முறை. ஆனா அவன் சவுனா சூடாக மத்தியானம் ஆயிரும். அவன் விறகு எப்பவும் ஈரம். சின்ன வயசுலயே அப்படித்தான்." கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் சவரம் பண்ணி விடு," என்றான். "அவன் மட்டும் மாப்பிள்ளை மாதிரி வந்து நிப்பான்."

வெர்னா வீட்டுக்குப் போன பிறகு எல்னா வெந்நீர் வைத்தாள். சோப்பு நுரையைத் தடவி, குழிவிழுந்த கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துச் சிரைத்தாள். அவன் பேசிக்கொண்டே இருந்தான். பேசாதே, வெட்டிவிடும் என்றால் கேட்கவில்லை.

"அந்தப் பெரிய கொம்பன் இருக்கே. அது அவனோடதுதான் எல்னா."

"என்ன உளர்ற?"

"நான் சுட்டது கால்ல பட்டுச்சு. பின்னங்கால்ல. நொண்டினத நான் பாத்தேன். அது பொழச்சிருக்கும். அவன் சுட்டதாலதான் விழுந்துச்சு. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"பதினாலு வருஷமா என்கிட்டகூடச் சொல்லல?"

"சொல்ல வரல." மூச்சு வாங்கினான். "அவன் வந்தா நானே சொல்றேன். நீ முந்திரிக்கொட்டை மாதிரி சொல்லிடாத."

வெள்ளைச் சட்டை போட்டுவிடச் சொன்னான். கழுத்துப் பட்டனைப் போட்ட பிறகும் உள்ளே இன்னொரு கழுத்து நுழைகிற இடம் இருந்தது. தலையணையைத் திருப்பி வைத்து, ஜன்னலைப் பார்க்காமல் கதவைப் பார்க்கிற மாதிரி படுக்க வைக்கச் சொன்னான். "அந்த மானோட இதயத்த வெங்காயம் போட்டு வறு. அவனுக்குப் பிடிக்கும். வீடெல்லாம் வாசனை வரட்டும்."

எல்னா சமையலறைக்குப் போனாள். இதயத்தை அலசி, மெல்லிய துண்டுகளாக அரிந்து, வெண்ணெயில் வெங்காயத்தோடு போட்டாள். ஜன்னல் வழியே ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, வாணலி பொரிகிற சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "அவன் புகைக்குழாயில இப்பத்தான் புகையே வருது, பாத்துக்க! உன் அண்ணன் விறகு!" என்றாள். ரெய்னோ சிரிக்கிற சத்தம் கேட்டது மாதிரி இருந்தது. உப்புப் போட்டாள். மிளகு இடித்துப் போட்டாள். மாவில் ஏலக்காய் கலந்து சுட்ட ரொட்டியை எடுத்து மூன்று தட்டு வைத்தாள். "மூணு பேரும் இங்கயே உக்காந்து சாப்பிடுவோமா, ரெய்னோ?" என்றாள்.

பதில் இல்லை. தூங்குகிறான் என்று நினைத்தாள். கரண்டியோடே போய் எட்டிப் பார்த்தாள். கண் திறந்தபடி கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. சவரம் செய்த மோவாயைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தான்.

அவள் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்து அவன் கண்ணை மூடினாள். கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாளோ. கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. சொந்தத் தம்பி வீட்டுக் கதவை, புது ஆள் மாதிரி, மூன்று தடவை தட்டினான் ஓன்னி.

நல்ல கோட்டு, கழுத்தில் டை. தாடியை மழித்துவிட்டிருந்தான்; கன்னம் சிவந்து கிடந்தது. ஈரத் தலைமயிர் குளிரில் விறைத்து நின்றது. கையில் காப்பிப் பொட்டலம். படியேறும்போதே பேச ஆரம்பித்தான். "நேரமாயிருச்சு. விறகு ஈரம், பிடிக்கவே மாட்டேன்னுது, அவன் திட்டியிருப்பான்..."

"நீ அப்படியே வந்திருக்கலாம் ஓன்னி," என்றாள் எல்னா.

அவன் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அவளைத் தாண்டி உள்ளே போய்க் கட்டில் பக்கம் நின்றான். தம்பியின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தான், மழித்த கன்னத்தைப் பார்த்தான். தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டான்.

"நீ வர்றேன்னுதான் பண்ணிக்கிட்டான்," என்றாள் அவள். "உன்கிட்டச் சொல்லணும்னு இருந்தான். அந்தப் பெரிய கொம்பன் உன்னோடதாம். அவன் குண்டு கால்லதான் பட்டுச்சாம். நொண்டினதப் பாத்தானாம். நீ சுட்டுத்தான் விழுந்துச்சாம்."

"காலுலயா?" ஓன்னி தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். "இல்ல. இல்ல எல்னா. நான்தானே அத அறுத்தேன். தனியாத்தான் அறுத்தேன். ஒரே ஓட்டைதான் இருந்துச்சு. நெஞ்சுல. நான் சுட்டது அதுமேல படவே இல்ல. அதுவா வந்து என் முன்னால விழுந்துச்சு." கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். "அது அவன் மான். அறுத்தப்பவே எனக்குத் தெரியும். அத எனக்குக் குடுத்துட்டா போனான்?"

"குடுத்துட்டான்," என்றாள் எல்னா.

அறுபதைத் தாண்டிய அந்தப் பெரிய மனுஷன் காப்பிப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு, நல்ல கோட்டோடு தரையில் உட்கார்ந்து, தம்பியின் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "ரெய்னோ, ஒரே ஓட்டைதான்டா, கேளுடா, ஒரே ஓட்டை," என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். எல்னா அவனைத் தேற்றவில்லை. அவளும் அழ வேண்டியிருந்தது.